ஹக் முதல்லயா, ஜேம்ஸ் முதல்லயா? எந்த வரிசையில படிக்கிறது?

அமெரிக்க எழுத்தாளர் பெர்சிவல் எவரெட்டோட ‘ஜேம்ஸ்’ நாவல் 2024 மார்ச்ல வந்துச்சு, அந்த வருஷமே அமெரிக்காவோட நேஷனல் புக் அவார்ட், அடுத்த வருஷம் புலிட்சர், அது போக புக்கர் ஷார்ட்லிஸ்ட் வேற. அப்போலேர்ந்து புக் படிக்கிறவங்க யார்கிட்ட பேசினாலும் இந்தக் கேள்விதான் வந்து நிக்குது: மார்க் ட்வைன் எழுதின ஹக்கிள்பெரி ஃபின் கதையை, அதுல அடிமையா வர்ற ஜிம், அதாவது ஜேம்ஸ், சொல்ற மாதிரி திருப்பி எழுதியிருக்காங்களாமே, அப்ப பழசை முடிச்சிட்டுத்தான் இதுக்கு வரணுமா, இல்ல நேரா இதையே எடுத்துடலாமா?

கேள்வி சின்னதாத் தெரியும், ஆனா விஷயம் அப்படி இல்ல. நம்ம ஊர்ல கர்ணன் பக்கத்துலேர்ந்தோ ஏகலைவன் பக்கத்துலேர்ந்தோ யாராவது ஒரு கதை எழுதினா, அதுக்கு முன்னாடி பாரதம் படிச்சியான்னு யாரும் கேக்க மாட்டாங்க, ஏன்னா பாரதம் பாட்டி வாயிலேர்ந்தும் தெருக்கூத்துலேர்ந்தும் டிவியிலேர்ந்தும் ஏற்கெனவே நமக்குள்ள இறங்கி உக்காந்திருக்கு. அமெரிக்காக்காரங்கள்ல நிறைய பேருக்கு ஹக் அப்படித்தான், ஸ்கூல்லயே படிச்சிருப்பாங்க. எவரெட் எழுதுறப்போ அந்த வாசகனையும் மனசுல வெச்சுத்தான் எழுதியிருக்கார்னு படிக்கிறப்போ நல்லாவே தெரியுது. நமக்கு அந்த அடித்தளம் கிடையாது. டாம் சாயர் வேலிக்கு வெள்ளையடிச்ச பாடம் ஞாபகம் இருக்கலாம், மிசிசிப்பின்னு ஒரு ஆறு இருக்குன்னு தெரியும், பல பேருக்கு அவ்வளவுதான். அதனால அங்க இருக்கிறவங்க சொல்ற பதிலை அப்படியே நாம எடுத்துக்க முடியாது.

நாலு வழி இருக்கு. ஒவ்வொண்ணையும் எதை வெச்சு எடை போடுறேன்னு முதல்ல சொல்லிடறேன்.

எதையெல்லாம் பாக்கணும்

முதல் விஷயம், ஜிம்மை நீங்க முதல்ல யார் கண்ணால பாக்கப் போறீங்க. என்னைப் பொறுத்தவரைக்கும் இதுதான் பெரிய விஷயம், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான். கதை சொல்ற ஹக்ங்கிற பதிமூணு பதினாலு வயசு வெள்ளைக்காரப் பையன் கண்ணால பாத்த ஜிம் ஒருத்தர், தன் வாயால தன் கதையைச் சொல்ற ஜேம்ஸ் ஒருத்தர், இதுல யார் உங்க மனசுல முதல்ல குடியேறுறாங்களோ அவங்களை அப்புறம் நகத்துறது ரொம்ப கஷ்டம்.

ரெண்டாவது, இங்கிலீஷ். ட்வைன் புக்கோட ஆரம்பத்துலயே இதுல பல வட்டார வழக்கு இருக்குன்னு ஒரு குறிப்பே போட்டிருப்பார். ஜிம் பேசுறதை உச்சரிப்பு எப்படியோ அப்படியே எழுத்துல வெச்சிருப்பார், அது நம்ம பாடப்புத்தக இங்கிலீஷ்ல எங்கயும் பாத்திருக்க முடியாது.

மூணாவது, மனசு எவ்வளவு தாங்கும். ரெண்டு புக்லயுமே கறுப்பின மக்களைக் குறிக்கிற அந்த இழிசொல் வருது, ட்வைன்ல இருநூறு தடவைக்கும் மேல. ஜேம்ஸ்ல அதுக்கு மேல சாட்டையடி, கொலை, பெண்களுக்கு நடக்கிற கொடுமை எல்லாம் நேராவே இருக்கு.

கடைசியா நேரமும் காசும். ஹக் 1884 டிசம்பர்ல இங்கிலாந்துலயும் 1885 பிப்ரவரியில அமெரிக்காவுலயும் வந்த புக், காப்பிரைட் எல்லாம் எப்பவோ முடிஞ்சாச்சு, குட்டன்பெர்க் தளத்துல ஃப்ரீயா இறக்கிக்கலாம், லிப்ரிவாக்ஸ்ல ஃப்ரீயா காதால கேக்கவும் செய்யலாம். ஜேம்ஸ் காசு குடுத்துத்தான் வாங்கணும், இல்லன்னா லைப்ரரி.

வழி 1: ஹக் முழுசா முடிச்சிட்டு ஜேம்ஸ்

பெரும்பாலானவங்க சொல்ற வழி இது, இதுக்கு நல்ல காரணமும் இருக்கு. ரெண்டு புக்லயும் ஆரம்பத்துல வர்ற ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கோங்க. ட்வைன்ல ரெண்டாவது அத்தியாயம். ராத்திரி, ஹக்கும் அவன் ஃப்ரெண்ட் டாம் சாயரும் வீட்டை விட்டு நைசா நழுவுறாங்க, சமையல்கட்டு வாசல்ல உக்காந்திருக்கிற ஜிம் சத்தம் கேட்டு யாருன்னு எழுந்து வந்து பாத்துட்டு, இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுலயே தரையில உக்காந்து அப்படியே தூங்கிப் போயிடறார். டாம் அவர் தொப்பியைக் கழட்டி மேல மரக்கிளையில மாட்டிட்டுப் போயிடறான். முழிச்ச ஜிம், சூனியக்காரிங்க தன் மேல ஏறி சவாரி பண்ணிட்டாங்கன்னு கதை கட்டி ஊரெல்லாம் சொல்றார், சொல்லச் சொல்ல கதை பெருசாகுது, கடைசியில உலகத்தையே சுத்தி வந்த மாதிரி ஆயிடுது. ஹக் சொல்றப்போ நமக்குச் சிரிப்பு வரும், வரணும்னுதான் ட்வைன் எழுதியிருக்கார்.

ஜேம்ஸ் ஆரம்பிக்கிறதே இதே ராத்திரிலதான். ஆனா இங்க, பசங்க ரெண்டு பேரும் புல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கிறது ஜிம்முக்கு முன்னாடியே தெரியும். நிலா வெளிச்சத்துல அவங்களை நல்லாவே பாக்கறார். வெள்ளைக்காரங்க எதிர்பாக்குறதைக் குடுத்துட்டா நமக்கு நல்லதுன்னு நினைச்சு, தூங்குற மாதிரி நடிக்கிறார். ஹக் பக்கத்தைப் படிச்சுச் சிரிச்சவங்களுக்கு இந்த இடத்துல வயித்துல ஏதோ பிசையும். அந்தச் சிரிப்பு நம்மகிட்டேர்ந்து எப்படி வாங்கப்பட்டுச்சு, அதுக்கு யார் நடிச்சுக் காட்டினாங்கன்னு அப்பதான் புரியும், நேரா ஜேம்ஸுக்கு வந்தவங்களுக்கு இது ஒரு நல்ல முதல் காட்சி மட்டும்தான்.

இன்னொண்ணு, ஹக்ல ஜிம் எங்கெங்க காணாமப் போறார்னு கவனிச்சுக்கிட்டே படிச்சா ஜேம்ஸோட கட்டுமானமே புரிஞ்சிடும். ஹக்கும் ஜிம்மும் தப்பிச்சு ஆத்துல போற தெப்பத்து மேல ஸ்டீம்போட் வந்து ஏறினதுக்கு அப்புறம் ஹக் ஒரு பணக்காரக் குடும்பத்து வீட்ல நல்ல சாப்பாடும் படுக்கையுமா இருப்பான், ஜிம் சதுப்புக் காட்டுல எங்கயோ ஒளிஞ்சிருப்பார், அவ்வளவுதான் நமக்குச் சொல்லப்படும். ராஜா, டியூக்னு சொல்லிக்கிட்டு ரெண்டு ஏமாத்துக்காரங்க தெப்பத்துல ஏறினதுக்கு அப்புறம், அவங்க ஊருக்குள்ள போய் ஆட்டம் போடுறப்போ ஜிம்மைக் கட்டிப் போட்டு வெச்சிருப்பாங்க, இல்லன்னா மூஞ்சில நீலச் சாயம் பூசி வேஷம் கட்டி விட்டுட்டுப் போவாங்க. அந்த நேரமெல்லாம் அவர் என்ன நினைச்சார், என்ன பாத்தார், ட்வைன் சொல்லவே மாட்டார், ஏன்னா கதை சொல்றவன் ஹக், அவன் அங்க இல்ல. எவரெட் நுழையறதே அந்த இடைவெளிகள் வழியாத்தான்.

இந்த வழியில வெளிய தெரியாத ஒரு செலவு இருக்கு. மொத்தம் 43 அத்தியாயம், அதுல கடைசி 12 அத்தியாயம் படிக்கிறது பெரிய சோதனை. ஜிம்மைப் பிடிச்சு ஆர்கன்சாஸ்ல ஒரு பண்ணை வீட்ல ஒரு குடிசைக்குள்ள அடைச்சு வெச்சிருக்காங்க, சாவியை எடுத்துக் கதவைத் திறந்து விட்டா முடிஞ்சது, ஆனா டாம் சாயர் வந்து, கதைப் புக்ல ராஜகுமாரன் தப்பிக்கிற மாதிரிதான் தப்பிக்கணும்னு சொல்லி, கயித்து ஏணியைப் ‘பை’ங்கிற பலகாரத்துக்குள்ள வெச்சுச் சுடறது, எலியையும் பாம்பையும் பிடிச்சு ஜிம் இருக்கிற இடத்துல விடறதுன்னு நாள்கணக்கா விளையாடுவான். கடைசியில பாத்தா, ஜிம்முக்கு ரெண்டு மாசம் முன்னாடியே விடுதலை கிடைச்சாச்சு, எஜமானியம்மா சாகும்போது உயில்ல எழுதி வெச்சிட்டாங்க, டாமுக்கு இது முதல்லேர்ந்தே தெரியும். எழுத்தாளர் ஹெமிங்வேகூட ஜிம் பறிபோற இடத்தோட படிக்கிறதை நிறுத்திக்கோங்கன்னு 1935லயே எழுதினார். இந்தப் பகுதியில சலிச்சுப் போய் புக்கை மூடி வெச்சவங்க ஜேம்ஸ் பக்கமே வராமப் போற ஆபத்து நிஜமாவே இருக்கு.

இங்கிலீஷ் நாவல் ஏற்கெனவே நிறைய படிச்ச பழக்கம் இருக்கு, நேரமும் இருக்குங்கிறவங்களுக்கு இது சரியான வழி.

வழி 2: நேரா ஜேம்ஸ்

இங்கிலீஷ்ல பெருசா பழக்கம் இல்லாதவங்களுக்கு இதுதான் சுலபம், சுமார் 300 பக்கம், சின்னச் சின்ன அத்தியாயம், ஓட்டமும் வேகமானது. காரணம் நாவலோட அடிப்படை யோசனையிலயே இருக்கு: இதுல அடிமைகள் தங்களுக்குள்ள பேசுறப்போ சுத்தமான, தெளிவான இங்கிலீஷ்ல பேசுவாங்க, வெள்ளைக்காரங்க காதுல விழற மாதிரி இருந்தா மட்டும் அந்த உடைஞ்ச பேச்சுக்கு மாறுவாங்க. கதை சொல்ற ஜேம்ஸோட குரலும் அந்தச் சுத்தமான இங்கிலீஷ்தான்.

ரெண்டாவது அத்தியாயத்துல ஒரு வகுப்பு நடக்கும். ஜேம்ஸ் குழந்தைகளை உக்கார வெச்சு, வெள்ளைக்காரங்க முன்னாடி எப்படிப் பேசணும்னு சொல்லித் தர்றார். ஒரு வெள்ளைக்கார அம்மாவோட சமையல்கட்டு பத்திக்கிச்சுன்னு வெச்சுக்கோங்க, எப்படிச் சொல்லுவீங்கன்னு கேக்கறார். ஒரு குழந்தை தீ தீன்னு கத்துவேன்னு சொல்லுது. கிட்டத்தட்ட சரி, ஆனா தப்புன்னு திருத்தறார். நேராச் சொல்லக் கூடாது, அங்க பாருங்கம்மான்னு மட்டும் சொல்லணும், என்ன ஆபத்துன்னு பேர் வெக்கிறது அவங்களா இருக்கணும், எதுவா இருந்தாலும் நமக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரிஞ்சதா இருக்கணும். வீடு எரியறப்போகூட இந்தக் கணக்குப் போடணும்னு ஏழெட்டு வயசுப் பிள்ளைங்க மனப்பாடம் பண்றாங்க. எனக்கு இந்த நாவல்ல மறக்கவே முடியாத இடம் இதுதான், சாட்டையடி வர்ற பக்கங்களைவிட இது அதிகமா வலிச்சுது.

அப்புறம் ஒரு பென்சில் துண்டு. இன்னொரு அடிமை தன் எஜமான்கிட்டேர்ந்து திருடி ஜேம்ஸுக்குக் குடுக்கறான், அதுக்கு அவன் குடுக்கிற விலை என்னன்னு படிச்சுத் தெரிஞ்சுக்கோங்க. கதை நடக்கிற மிசௌரி மாநிலத்துல கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தர்றது குற்றம்னு 1847ல சட்டமே போட்டாங்க. அது தெரிஞ்சா அந்தப் பென்சில் கையில எவ்வளவு கனக்கும்னு புரியும்.

சரி, இதுல என்ன இழப்பு? நான் பாத்த வரைக்கும் மூணு இடத்துல அடி வாங்கும். ஒண்ணு, மேல சொன்ன தொப்பிக் காட்சி மாதிரி இடங்கள் பாதி அர்த்தத்தோட கடந்து போயிடும். ரெண்டு, புவியியல். ஆத்துக்கு இந்தப் பக்கம் மிசௌரி அடிமை மாநிலம், அந்தப் பக்கம் இல்லினாய் சுதந்திர மாநிலம், அப்ப ஏன் நேரா நீந்திப் போகலன்னு நமக்குத் தோணும், ஆனா தப்பிச்சு வந்தவங்களைப் பிடிச்சுத் திருப்பிக் குடுத்தா காசு கிடைக்கும்ங்கிறதால அக்கரையும் பத்திரமான இடம் இல்ல. அதனாலதான் தெற்கே கெய்ரோங்கிற ஊர் வரைக்கும் போய், அங்க வந்து சேர்ற ஓஹியோ ஆத்துல ஏறி வடக்கே போறது ட்வைன் கதையில அவங்க திட்டம். பனிமூட்டத்துல கெய்ரோவைத் தவற விட்டதும் ஆத்தோட ஒவ்வொரு மைலும் ஜிம்மை அடிமை நாட்டுக்குள்ள ஆழமா இழுத்துக்கிட்டுப் போகுது. இந்த மேப்பை மனசுல வெச்சுக்கிட்டு எந்தப் புக்கை எடுத்தாலும் பதட்டம் ரெண்டு மடங்கு ஆகும். மூணாவது, ஹக் மேல வர வேண்டிய பாசம். ஜேம்ஸ்ல அந்தப் பையனுக்கும் அவருக்கும் நடுவுல ஒரு பெரிய விஷயம் இருக்கு, சொல்ல மாட்டேன், ஆனா ஹக்கை அவன் வாயாலயே கேட்டுப் பழகினவங்களுக்கு அது இறங்குற ஆழம் வேற.

வருஷத்துக்கு ரெண்டு மூணு புக்தான் முடியும்னு இருக்கிறவங்க, பழைய இங்கிலீஷைக் கண்டா ஓடிப் போறவங்க, தயங்காம இதையே எடுங்க. ஜேம்ஸ் தன் கால்லயே நிக்கிற நாவல், ஹக் தெரியாதவங்களுக்குப் புரியாதுன்னு யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்க.

வழி 3: 31 அத்தியாயம் ஹக், அப்புறம் ஜேம்ஸ் முழுசா, அப்புறம் மிச்சம் 12

என்னைக் கேட்டா இதுதான். யாரும் பெருசா சொல்லாத வழி, ஆனா நம்ம மாதிரி ரெண்டு புக்குக்கும் புதுசா வர்றவங்களுக்கு இதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியல.

31ஆவது அத்தியாயத்துலதான் அந்த ராஜாங்கிறவன் ஜிம்மை 40 டாலருக்கு வித்துடறான். கதையோட ஆரம்பத்துல, எஜமானியம்மா தன்னை 800 டாலருக்கு நியூ ஆர்லியன்ஸ்ல விக்கப் போறாங்கன்னு ஒட்டுக் கேட்டுட்டுத்தானே ஜிம் ஓடி வந்தார், அந்த ரெண்டு தொகையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அதே அத்தியாயத்துல ஹக், ஜிம் இருக்கிற இடத்தைக் காட்டிக் குடுத்து எஜமானியம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதிட்டு, அதைக் கையில வெச்சுக்கிட்டு நடுங்கிட்டே யோசிச்சு, சரி நான் நரகத்துக்கே போறேன்னு கிழிச்சுப் போடுவான். அடிமையைத் தப்பிக்க விடறது பாவம்னு சர்ச்சும் ஊரும் சொல்லிக் குடுத்ததை அவன் உண்மையாவே நம்பறான், நம்பிக்கிட்டே அதை மீறறான். ட்வைன் எழுதினதுலயே உச்சம் இதுன்னு நான் நினைக்கிறேன்.

அங்க புக்கை மூடி வெச்சிட்டு ஜேம்ஸை எடுங்க. ஹக் மேல முழுப் பாசம் இருக்கும், ஜிம் காணாமப் போன இடங்கள் எல்லாம் ஞாபகத்துல பச்சையா இருக்கும், டாமோட விளையாட்டால வர்ற கசப்பு இன்னும் வந்திருக்காது. ஜேம்ஸோட முதல் பகுதி ட்வைன் வழியிலயே நிறைய தூரம் போகும், அப்புறம் எவரெட் தன் வழியில திரும்பிடுவார். டேனியல் டிகேட்டர் எம்மெட்னு ஒருத்தர், நிஜமாவே இருந்தவர், 1843ல விர்ஜினியா மின்ஸ்ட்ரல்ஸ்னு ட்ரூப் ஆரம்பிச்ச ஆளுங்கள்ல ஒருத்தர், வெள்ளைக்காரங்க மூஞ்சில கரி பூசிக்கிட்டுக் கறுப்பின மக்களைக் கிண்டல் பண்ணிப் பாடுற மேடை. நாவல்ல அந்த எம்மெட், குரல் நல்லா இருக்குன்னு ஜேம்ஸை விலைக்கு வாங்கி மேடையில ஏத்தறார். கறுப்பினத்தவர் மேடையில நிக்கிறது ஊருக்குத் தெரிஞ்சா உயிர் போயிடும், அதனால கறுப்புச் சாயம் பூசின வெள்ளைக்காரனாத் தெரியற மாதிரி ஒரு கறுப்பினத்தவருக்கே சாயம் பூசறாங்க. புக்கோட முதல் பக்கங்கள்ல சில பாட்டு வரிகள் இருக்கும், நிறைய பேர் அதைத் தாண்டிட்டுப் போயிடுவாங்க, தாண்டாதீங்க, அது எம்மெட்டோட நோட்டுப் புத்தகம், அந்த நோட்டு பின்னாடி யார் கைக்குப் போகுது, அதுல என்ன எழுதப்படுதுங்கிறதுதான் கதையோட முதுகெலும்பே.

ட்வைன் கதையோட காலத்தை எவரெட் நகத்தி, அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடிக்கப் போற 1861 பக்கத்துல வெச்சிருக்கார், அதையும் தெரிஞ்சுக்கிட்டுப் போனா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தலையேன்னு குழம்ப மாட்டீங்க.

ஜேம்ஸ் முடிஞ்சதும் ஒரு வாரம் விட்டுட்டு ஹக்கோட மிச்சம் 12 அத்தியாயத்துக்கு வாங்க. டாமோட அந்த விளையாட்டை எவரெட் தன் நாவலுக்குள்ள விடவே இல்ல. ஆனா ஜேம்ஸ் குரல் காதுல இருக்கிறவங்களுக்கு, அந்தக் குடிசைக்குள்ள எலிகளோட உக்காந்துக்கிட்டு, சரி மாஸ்டர் டாம்னு ஜிம் சொல்ற ஒவ்வொரு வரியும் வேற மாதிரி கேக்கும். எதைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னார், எதைக் கணக்குப் போட்டுச் சொன்னார்னு நாமளே நிரப்பிக்கிட்டே படிப்போம். சலிப்பா இருக்கிற பகுதின்னு எல்லாரும் சொல்றது அப்ப சலிப்பா இருக்காது, கோபமா இருக்கும், அந்தக் கோபம் வர வேண்டிய கோபம்.

இதுல இருக்கிற செலவு: ஒரு நாவலை நடுவுல நிறுத்தறது சில பேருக்கு ஒத்தே வராது, திரும்பி வராமலே போயிடற வாய்ப்பும் இருக்கு. மொத்த நேரமும் வழி 1 அளவுக்கே ஆகும், ஒண்ணும் மிச்சமாகாது.

வழி 4: ரெண்டையும் அப்புறம் வெச்சுக்கிட்டு வேற இடத்துலேர்ந்து ஆரம்பிக்கிறது

ஜேம்ஸும் ஒரு எழுத்தாளரோட கற்பனைதானே, உண்மையா அடிமையா இருந்தவங்க என்ன சொன்னாங்கன்னு கேக்கறவங்களுக்கு இந்த வழி. ஃபிரெடரிக் டக்ளஸ் 1845ல எழுதின சுயசரிதை, மேரிலாந்துல அடிமையாப் பொறந்து தப்பிச்சவர், சின்னப் புக், இதுவும் ஃப்ரீ. பால்டிமோர்ல எஜமானியம்மா எழுத்துச் சொல்லித் தர ஆரம்பிச்சதும் புருஷன் தடுத்துடுவான், அப்புறம் தெருவுல இருக்கிற ஏழை வெள்ளைக்காரப் பசங்களுக்கு ரொட்டி குடுத்து அவங்ககிட்டேர்ந்து எழுத்தை வாங்குவார். இதைப் படிச்சிட்டு ஜேம்ஸோட பென்சிலுக்கு வந்தா, அது வெறும் கற்பனைன்னு ஒரு நிமிஷம்கூடத் தோணாது.

நான்சி ரால்ஸ் எழுதின ‘மை ஜிம்’ 2005ல வந்தது, ஜேம்ஸுக்கு ரொம்ப முன்னாடியே. இதுல பேசுறது ஜிம்மோட மனைவி சேடி, வயசான காலத்துல பேத்திகிட்ட உக்காந்து போர்வை தைச்சுக்கிட்டே சொல்ற கதை. ட்வைன்ல அந்த மனைவிக்குப் பேர்கூட இல்ல. ஓடிப் போன புருஷனை விட, விட்டுட்டுப் போகப்பட்டவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னா இதுதான், ஆனா முழுக்க வழக்குப் பேச்சு, மெதுவாத்தான் போகும். இது ஜேம்ஸ் அளவுக்குப் பேசப்படாதது எனக்கு நிஜமாவே வருத்தம்.

வாங்குறதுக்கு முன்னாடி

ஹக் வாங்கறப்போ ‘சுருக்கப் பதிப்பு’ன்னு அட்டையில எங்கயாவது இருக்கான்னு பாத்துடுங்க, பள்ளிப் பசங்களுக்குன்னு வர்ற மெலிஞ்ச புக்ல வெட்டுப்படறது முதல்ல ஜிம் தனியாப் பேசுற இடங்களாத்தான் இருக்கும். தன் குட்டிப் பொண்ணு சொன்ன பேச்சைக் கேக்கலன்னு அடிச்சிட்டு, அப்புறம்தான் ஜுரத்துல அவளுக்குக் காது போயிடுச்சுன்னு தெரிஞ்சு ஜிம் அழுவுற இடம் 23ஆவது அத்தியாயத்துல இருக்கு, புரட்டிப் பாருங்க, அது இல்லாத புக்கை வாங்காதீங்க. 2011ல அமெரிக்காவுல அந்த இழிசொல்லை எடுத்துட்டு ‘அடிமை’ன்னு மாத்தி ஒரு பதிப்பு வந்துச்சு, வகுப்புல வாய்விட்டுப் படிக்க அதை வெச்சுக்கலாம், ஜேம்ஸோட சேத்துப் படிக்கப் போறீங்கன்னா மூலமே எடுங்க.

ஜிம் பேச்சு கண்ணுக்குப் புரியலன்னா காதுக்குப் புரியும், ஆடியோவைப் போட்டுக்கிட்டே பக்கத்தைப் பாருங்க, கொஞ்ச அத்தியாயத்துல பழகிடும்.

வீட்ல பதிமூணு பதினாலு வயசுப் பிள்ளை கேக்குதுன்னா ஹக் குடுங்க, ஆனா தனியா விடாம நீங்களும் கூடவே படிங்க, அந்தச் சொல் ஏன் வருது, அந்தக் காலத்துல அது எப்படி யார் வாயிலயும் சாதாரணமா வந்துச்சுன்னு பேசிக்கிட்டே போங்க. ஜேம்ஸ்ல பாலியல் வன்முறை இருக்கு, அதைப் பாத்துக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாம ஒளிஞ்சிருக்க வேண்டிய நிலைமையும் இருக்கு, அதனால அதைப் பதினாறு பதினேழு வயசு ஆகட்டும்னு தள்ளி வெச்சுக்கோங்க.